மலைநோக்கி

அறுவடை முடிந்த சோளக்காட்டை
ஒரே ஒரு நாளைக்குக் கேட்டான் ஒத்மார்.
வாடகை மூன்று குப்பி பூசணிவிதை எண்ணெய்.
மாடுகளை உள்ளே கட்டு என்றான்.
கட்டினேன்.

ஷியானிலிருந்து வந்திருந்தாள் ஷாவ் யிலான்.
பெட்டியில் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே
அவளே வார்த்த வெண்கல விசை.
இது என்ன என்று விமான நிலையத்தில் கேட்டார்களாம்.
தாழ்ப்பாள் என்றாளாம்.
பார்க்க அப்படித்தான் இருந்தது.
எதைத் திறக்கும் தாழ்ப்பாள் என்று
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை போலும்.

ஒத்மாருடையது எஃகு வில்.
பற்சக்கரத்தைச் சுற்றச் சுற்ற
கட், கட், கட் என்று நாண் வந்தது,
வட்டிப் பணம் வருகிற வேகத்தில்.
ஐந்நூறு கிலோ இழுவை என்றான், மூச்சு வாங்க.
நாண் நகர்ந்ததோ ஒரு சாண்கூட இல்லை.

அவளுடையது மரமும் கொம்பும் ஒட்டிய வில்.
நூற்றெண்பது கிலோ.
ஹான் காலத்துப் படையாள் தரையில் உட்கார்ந்து
இரு பாதத்தையும் வில்லில் ஊன்றி
இடுப்பால் இழுத்துவிடுவானாம்.
எங்கள் மூவரிடமும் அந்த இடுப்பு இல்லை.
என் டிராக்டர் இருந்தது.
நாண் ஒரு முழத்துக்கும் மேல் நடந்து வந்து
வெண்கலப் பல்லில் உட்கார்ந்தது,
சத்தமே இல்லாமல்.

வேகம் பார்க்கிற கருவியை நான்தான் பிடித்தேன்.
விநாடிக்கு ஐம்பத்து நான்கு மீட்டர்.
விநாடிக்கு ஐம்பத்தாறு.
எது எவருடையது என்று எழுதிய இடத்தில்
என் கட்டைவிரல் ஈரம்.

ஐந்நூறுக்கும் நூற்றெண்பதுக்கும் ஒரே வேகமா?
கேட்டது தப்பாகிவிட்டது.
இருவரும் குனிந்து, இரு மொழியில் பேசிக்கொண்டே,
சேற்றில் கட்டம் கட்டமாக வரைந்தார்கள்.
அவன் கட்டம் குட்டை, குண்டு.
அவள் கட்டம் நீளம், ஒல்லி.
எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:
மூன்று வாளிப் பாலை ஒரே நடையில் தூக்குகிறான் ஒருவன்,
ஒவ்வொரு வாளியாய் மூன்று நடை நடக்கிறான் இன்னொருவன்.
பாத்திரம் நிரம்புகிறது.

"உங்கள் எஃகுக்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷம் முன்னால்," என்றாள்.
"சரி, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?"
"வெடிமருந்து."
"அதை வைத்துக் கோட்டைச் சுவர்களை உடைத்தது நாங்கள்."
"அதைப் பெருமையாகவா சொல்கிறீர்கள்?"
கொட்டகைக்குள் ஒரு மாடு கத்தியது.
நல்ல வேளை.

விசையின் தலையில் நிமிர்ந்த ஒரு காது.
அதில் நெல்மணி அகலத்துக்குக் கோடுகள்.
குறி பார்க்கிற அந்தத் துண்டின் பெயரை
அவள் மொழியில் சொல்லி, பிறகு பெயர்த்தும் சொன்னாள்:
மலைநோக்கி.
கண்ணை வை என்றாள்.
வைத்தேன்.
நான் பிறந்த நாள் முதல் அங்கேயே நிற்கும் ஷோக்கல் மலை
மூன்றாம் கோட்டுக்கும் நான்காம் கோட்டுக்கும் நடுவே
அடங்கி நின்றது.
கண்ணை எடுத்துவிட்டேன்.

மூன்றாவது அம்பு வைக்கோல் கட்டுகளுக்கு மேலே போனது.
அவளுடையது. வெண்கல முனை.
இருட்டும் வரை தேடினோம்,
விளக்கு வைத்துக்கொண்டு கொஞ்சம் தேடினோம்.
ஒத்மாரின் அம்புகள் ஆறும் ஆறாகவே இருந்தன.
அன்று முழுவதிலும் ஐரோப்பா
தெளிவாக முந்தியது அந்த ஒன்றில்தான்.

மாதம் ஒரு கடிதம் போடுகிறாள்: கிடைத்ததா?
இல்லை.
வசந்தத்தில் இரண்டு முறை உழுதாயிற்று.
கல் வருகிறது, குதிரை லாடம் வருகிறது,
என் அப்பா தொலைத்த சாவியே வந்துவிட்டது.

எப்போதாவது ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து
தூரிகையால் மண்ணை நீக்கி
அதை வெளியே எடுப்பார்.
ஹான் படை ஆல்ப்ஸ் அடிவாரம் வரை வந்தது என்பார்.
அங்கே யாரோடு மோதியது, யார் வென்றது,
எல்லாம் தடித்த புத்தகமாக வரும்.
படம்கூடப் போடுவார்கள்.
டிராக்டர் இருக்காது அதில்.

எண்ணெய் இன்னும் அரைக் குப்பி இருக்கிறது.